பதினேழாம் எண் புத்தகம்

கணக்கு டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்திருந்த பெயர் ஸ்டெப் டீச்சர். விடை சரியாகவே இருந்தாலும் வழிமுறை எழுதவில்லையென்றால் பாதி மதிப்பெண்ணைப் பிடுங்கிக்கொள்வார். "விடை வானத்துலேருந்து விழுந்துச்சா? ஸ்டெப் எங்க?" என்று கேட்டுக் கேட்டே இருபத்து மூன்று வருஷத்தை ஓட்டிவிட்டார். அந்தப் பெயர் அவருக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொண்டார், உள்ளூரக் கொஞ்சம் பெருமையோடு.

அப்படிப்பட்டவர் தலையில்தான் ஐந்தாம் வகுப்பின் வாசிப்புப் பாடம் வந்து விழுந்தது. வாசிப்பு டீச்சர் பிரசவ விடுப்பில் போக, தலைமையாசிரியை ஒரு அலமாரிச் சாவியைக் கொண்டுவந்து இவர் கையில் திணித்தார். "ஆறு மாசம்தான். நீங்க பார்த்துக்க மாட்டீங்களா?" என்றார். கேள்வி மாதிரிக் கேட்டாலும் அது கேள்வி இல்லை.

அலமாரியில் ஒரே சிறுவர் நாவலின் இருபத்தொன்பது பிரதிகள் இருந்தன, பிள்ளைகள் இருபத்தெட்டுப் பேருக்கும் ஆளுக்கொன்று, டீச்சருக்கு ஒன்று. எல்லாவற்றுக்கும் பழுப்புத்தாள் அட்டை, முதுகில் எண். சரக்கு ரயிலில் மூட்டைகளுக்கு நடுவே தூங்கிக்கொண்டே வந்து ஒரு சின்ன ஸ்டேஷனில் இறங்கிவிடுகிறது ஒரு நாய். அதற்கு மூட்டை என்றே பெயர் வைத்து, அதன் சொந்தக்காரரைத் தேடி ஸ்டேஷன் ஸ்டேஷனாகப் போகிறார்கள் ஒரு அக்காவும் தம்பியும். மொத்தம் நூற்று அறுபது பக்கம்.

வெளியே சொல்ல முடியாத ஒரு சங்கதி உண்டு. டீச்சர் தன் ஆயுளில் ஒரு நாவலைக்கூட முழுசாகப் படித்ததில்லை. பாடப்புத்தகம், சுற்றறிக்கை, விடைத்தாள், இவ்வளவுதான் அவர் வாசிப்பு. வீட்டுக்காரர் நேர்மாறு. லிஃப்ட் மெக்கானிக், உதிரிப் பாகம் வந்து சேரும்வரை இரண்டு மாடிகளுக்கு நடுவே மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கும் வேலை. கையில் எது கிடைத்தாலும் படிப்பார். நாயின் கதையை ஒரே மூச்சில் முடித்துவிட்டு, "கடைசியில என்ன ஆகுதுன்னு சொல்லட்டுமா?" என்றார்.

"வாயைத் திறந்தீங்கன்னா நாளையிலேருந்து சமையல் நீங்கதான்."

அதற்குக் காரணம் இருந்தது. விடுப்பில் போனவர் ஒரு குறிப்பேடு விட்டுப் போயிருந்தார். திங்கள், டீச்சர் உரக்க வாசிக்க வேண்டும். செவ்வாய், ஜோடி வாசிப்பு. புதன், ஒவ்வொருவராக. வியாழன், அடுத்து என்ன நடக்கும், ஏன் என்று ஊகித்தல். கீழே சிவப்பு மையில்: யாரும் முன்னால் போய்ப் படிக்கக் கூடாது. அத்தனையும் ஸ்டெப் ஸ்டெப்பாக இருந்ததால் டீச்சருக்குக் குறிப்பேட்டை ரொம்பப் பிடித்துப்போனது. யாரும் என்றால் நானும்தானே என்று நினைத்தார். வாராவாரம் பிள்ளைகள் படித்த அளவுக்கு மட்டுமே தானும் படித்தார். நூற்று அறுபது பக்கப் புத்தகம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் கடைசிப் பக்கத்தைப் புரட்டாமல் இருப்பது எவ்வளவு பெரிய தவம் என்று அப்போதுதான் தெரிந்தது.

மூன்றாவது வாரம் அந்தச் சின்ன ஸ்டேஷனை வரையச் சொன்னார். அதுவும் குறிப்பேட்டில் இருந்ததுதான். இருபத்தெட்டுப் பேரும் இருபத்தெட்டு ஸ்டேஷன் வரைந்தார்கள். ஒன்றுக்கு ஓட்டுக்கூரை, ஒன்றுக்குத் தகரம். ஒன்றில் கடிகாரம் பானை அளவு, ஒன்றில் பொத்தான் அளவு. கணக்கில் இருபத்தெட்டு விடை வந்தால் இருபத்தேழு தப்பு. சிவப்புப் பேனாவைத் திறந்தவர், எதைத் தப்பு என்பது என்று புரியாமல் மூடினார்.

"அது சரி, அந்தப் பச்சை பெஞ்ச் எங்க? ஒருத்தர்கூடப் போடலையே?"

"புக்குல பெஞ்சே இல்ல டீச்சர்," என்றது முதல் வரிசை.

புரட்டிப் பார்த்தார். இல்லைதான். ஆனால் நாய் ஏறிப் படுத்திருந்த அந்தப் பச்சை பெஞ்சை, அதன் உடைந்த கைப்பிடியோடு, அவர் மூன்று வாரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். தாளில் இருப்பது கறுப்பு மை. பெஞ்ச் இருப்பது தனக்குள். நடுவில் உட்கார்ந்து யார் இந்தத் தச்சுவேலையைப் பார்த்தது? வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் இதையே நினைத்துக்கொண்டு, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டார்.

வாசிப்பில் வகுப்புக்கே கெட்டிக்காரி என்றால் ரேடியோதான். அதுவும் வகுப்பு வைத்த பெயர்தான். மற்றதுகள் எழுத்தைக் கூட்டித் திக்கித் திணறும்போது, இவள் எழுந்து நின்றால் செய்தி வாசிக்கிற மாதிரி இருக்கும். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, உயர்த்த வேண்டிய இடத்தில் குரலை உயர்த்தி, தண்ணீர் பட்டபாடு. ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் இடத்தில் வேலை பார்க்கும் அம்மா, இரண்டாம் வகுப்பில் படிக்கும் ஒரு தம்பி. ஊர் ஊராக மாறி வந்த குடும்பம், இது நாலாவது பள்ளிக்கூடம். வருஷக் கடைசியில் ஆய்வாளர் வருவார், வாசிக்கத் தெரியாதவர்களை ஐந்தாம் வகுப்பிலிருந்து எடுத்துக் கீழ்த்தளத்து அடிப்படை வகுப்பில், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார வைப்பார்கள் என்று தலைமையாசிரியை சொன்னபோது, "ரேடியோ ஒருத்தி போதும், நம்ம மானத்தைக் காப்பாத்திடுவா," என்று டீச்சர் பெருமையடித்துக்கொண்டார்.

ஆறாவது வாரம் புதன்கிழமை. ஐம்பத்திரண்டாம் பக்கம். ஒருத்தன் பாதியில் நிறுத்த, "ரேடியோ, நீ தொடரு," என்றார் டீச்சர். ரேடியோ எழுந்து பதினேழாம் எண் புத்தகத்தை உயர்த்திப் பிடித்தாள்.

"ஸ்டேஷன் மாஸ்டர் விளக்கைத் தூக்கிப் பிடித்தார். இந்த நாய்க்கு டிக்கெட் எங்கே என்று கேட்டார். தம்பி தன் டிக்கெட்டை எடுத்து நாயின் முன்னால் வைத்தான்..."

பிள்ளைகள் வாசிக்கும்போது பின்னால் போய் நின்று கண்ணாலேயே வரியைத் தொடர்வது டீச்சர் வழக்கம். போய் நின்றார். புத்தகத்தில் ஸ்டேஷன் மாஸ்டரும் இல்லை, விளக்கும் இல்லை. அக்கா நாய்க்குக் கயிறு தேடும் முப்பத்தாறாம் பக்கம் விரிந்திருந்தது. பக்கம் மாறிவிட்டது போல என்று கை நீட்டி மெதுவாகப் புரட்டினார். நாற்பது, நாற்பத்தெட்டு. அடுத்தது மறுபடியும் முப்பத்து மூன்று. பைண்டு செய்தவன் தூக்கக் கலக்கத்தில் ஒரே பதினாறு பக்கக் கட்டை இரண்டு தடவை வைத்துத் தைத்துவிட்டான். நாற்பத்தொன்பதிலிருந்து அறுபத்து நாலு வரை அந்தப் புத்தகத்தில் இல்லவே இல்லை.

பக்கங்கள் புரண்டுகொண்டிருக்க, குரல் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. திங்கட்கிழமை உரக்க வாசித்தபோது தொண்டை கமறி டீச்சர் நிறுத்திய இடத்தில் அவளும் ஒரு நொடி நிறுத்தினாள். டீச்சருக்கு மெய் சிலிர்த்துவிட்டது. "போதும்மா, உட்காரு," என்று சொன்ன தன் குரல் யாருடையதோ போலிருந்தது.

மணி அடித்து எல்லோரும் போனபின் அவளை மட்டும் நிறுத்தினார்.

"எவ்வளவு தூரம் உனக்கு இப்படித் தெரியும்?"

ரேடியோ வாசல் பக்கம் பார்த்தாள். "முதல்லேருந்து சொல்லவா டீச்சர்?"

சொன்னாள். டீச்சர் தன் பிரதியில் விரல் வைத்துப் பின்தொடர்ந்தார். ஒரு சொல் தவறவில்லை. கால் மணி நேரம் கழித்து அவரே கையைக் காட்டி நிறுத்தினார். வாரத்தில் மூன்று தடவை காதில் விழுந்ததை, வரி பிசகாமல் ஐம்பத்து நாலு பக்கம் இந்தப் பொடிசு தலைக்குள் அடுக்கி வைத்திருக்கிறது. இருபத்து மூன்று வருஷம் வாய்ப்பாடு மனப்பாடம் செய்ய வைத்தவர் அவர். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. ஆச்சரியம் என்பது அதற்குச் சின்ன வார்த்தை, கொஞ்சம் பயமாகவே இருந்தது.

பிறகு ஒரு பக்கத்தை விரித்து, "இதுல நாய்னு எங்க இருக்கு, காட்டு," என்றார். ரேடியோ அந்தப் பக்கத்தைச் சுவரைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"முப்பத்து மூணு ரெண்டு தடவ வருதுன்னு முதல் நாளே தெரியும் டீச்சர். நம்பர் தெரியும் எனக்கு. சொன்னா புக்க வாங்கிப் பார்ப்பீங்க, வேற புக்கு குடுத்து அங்கயே படிக்கச் சொல்வீங்க. அதான் சொல்லல." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "ஒவ்வொரு ஸ்கூல்லயும் முந்தின ஸ்கூல்ல சொல்லிக் குடுத்திருப்பாங்கன்னு விட்டுட்டாங்க. கீழ் ரூம்ல என் தம்பி இருக்கான் டீச்சர். அவன் பக்கத்துல என்ன உட்கார வச்சா நான் ஸ்கூலுக்கே வர மாட்டேன்."

அன்று வீட்டுக்குப் போனதும் டீச்சர் பழைய கணக்குத் தேர்வுத்தாள் கட்டைப் பிரித்தார். ரேடியோவின் தாள்களில் கூட்டல், பெருக்கல், வகுத்தல் எல்லாம் அச்சுப் போல இருந்தன. வாக்கியத்தில் கேட்ட கணக்குகள் மட்டும் ஒன்றுவிடாமல் வெறுமை. ஒவ்வொன்றின் ஓரத்திலும் அவர் கைப்படச் சிவப்பில் எழுதியிருந்தார்: கவனக்குறைவு. இரண்டு வருஷம், பதினோரு இடத்தில். யாருடைய கவனக்குறைவு என்று நினைத்தபோது சாப்பாடு இறங்கவில்லை. வீட்டுக்காரர் தட்டையும் பார்த்தார், முகத்தையும் பார்த்தார், தட்டை மூடி வைத்தார்.

மறுநாள் தலைமையாசிரியையிடம் ஒளிக்காமல் சொன்னார். அந்த அம்மாள் பொல்லாதவர் இல்லை, விதியைத் தாண்டத் தெரியாதவர். "ஆய்வுக்கு ஏழு வாரம் இருக்கு. பார்க்காத பாடத்தை ஆய்வாளர் முன்னாடி அவளே வாசிச்சு, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிட்டா, என் பட்டியல்ல அவ பேர் இல்ல. இல்லன்னா அன்னிக்கே கீழ் ரூம். அதுக்கு மேல என்னால முடியாது."

ஏழு வாரம். அரிச்சுவடியிலிருந்து ஆரம்பித்தால் எந்த மூலைக்குக் காணும்? டீச்சர் நகத்தைக் கடித்தபடி இரண்டு நாள் யோசித்தார். கடைசியில், ஏற்கெனவே அவளிடம் இருப்பதிலிருந்தே தொடங்கலாம் என்று பட்டது. பதினேழாம் எண்ணைத் தான் வாங்கிக்கொண்டு தன் நல்ல பிரதியை அவளிடம் கொடுத்தார். "வாயால சொல்லு. சொல்லச் சொல்ல வார்த்தையத் தொடு. ஒரு வார்த்தைக்கு ஒரு தொடல்."

முதல் நாள் வாய் வரியை முடித்துவிட்டது; விரல் நடுவழியில் நின்றது. அதைப் பார்த்ததும் டீச்சருக்குப் பொறி தட்டியது. இது அவருக்குப் பழகின தப்புதான். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பொத்தான் எண்ணும்போது ஏழு பொத்தானுக்குப் பத்து வரை சொல்லிவிடும், வாய் ஓடிவிடும், விரல் தங்கிவிடும். அதற்கு அவரிடம் மருந்து இருந்தது. மேஜை இழுப்பறையிலிருந்து பொத்தான் டப்பாவை எடுத்து, வரியின் ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே ஒரு பொத்தான் வைத்தார். "எத்தனை?" "ஆறு." "நீ எத்தனை வார்த்தை சொன்ன?" விரல் விட்டு எண்ணினாள். "ஆறு." "அப்ப ஒவ்வொரு பொத்தானுக்கும் அதோட வார்த்தையக் குடு."

தினமும் மணி அடித்தபின் அரை மணி நேரம். அவள் தலைக்குள் இருந்த கதை விரல் வழியாக இறங்கித் தாளில் தன் இடத்தைத் தேடிக்கொண்டது. நாய் எப்போதும் ஒரே மாதிரி இருக்கிறது என்று ஒரு நாள் கண்டுபிடித்தாள். நாயும் நாளும் ஒரே எழுத்தில் தொடங்குகின்றன என்று இன்னொரு நாள். கண்டுபிடிக்கிறவள் அவள், வியர்த்துப் போகிறவர் டீச்சர். நான் எப்போது வாசிக்கக் கற்றேன் என்று யோசித்துப் பார்த்தார். ஞாபகமே இல்லை. இவ்வளவு பெரிய காரியம் தனக்கும் ஒரு காலத்தில் நடந்திருக்கிறது, தான் அதைக் கவனிக்கக்கூட இல்லை.

இந்தப் பொத்தான் பாடத்தின் நாலாவது வாரம் இருவரும் பள்ளி வாசலில் நின்றார்கள். எதிரே ஒரு லாரி திரும்பியது. அதன் பக்கவாட்டில் பெரிய எழுத்தில் ஏதோ எழுதியிருந்தது. ரேடியோ டீச்சர் கையைப் பிடித்து இழுத்தாள்.

"டீச்சர், நம்ம சரக்கு."

லாரியில் சரக்குப் போக்குவரத்து என்று இருந்தது. முதல் பக்கத்தின் முதல் வரியில் வரும் சொல், புத்தகத்தை விட்டிறங்கித் தெருவில் போய்க்கொண்டிருந்தது.

"உனக்கு யார் சொன்னா?"

"யாரும் சொல்லல டீச்சர். அதுவே சொல்லுச்சு."

டீச்சர் அங்கேயே நின்றுவிட்டார். அழுகை வருகிற மாதிரி இருந்தது, சிரிப்பும் வந்தது. வீட்டில் போய்ச் சொன்னபோது மெக்கானிக் கையிலிருந்த புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, "எனக்கே எப்படியோ இருக்கு," என்றார்.

ஆனால் புதன்கிழமை வகுப்பில் வேறு கதை நடந்தது. ரேடியோ இப்போது தாளைப் பார்த்து வாசித்தாள்; அதனால் திக்கினாள். "ரேடியோ பேட்டரி போச்சு," என்றது பின் வரிசை. வகுப்பே சிரித்தது. மனப்பாடத்தில் ஓட்டிவிட்டால் ஒரு நிமிஷத்தில் மானம் திரும்பிவிடும், அது அவளுக்கும் தெரியும். ஓட்டவில்லை. காது சிவக்க நின்று, விரலை எடுக்காமல், ஒவ்வொரு சொல்லாகத் தேடிக்கொண்டே போனாள். தானாக இருந்தால் அந்தத் துணிச்சல் வந்திருக்காது என்று டீச்சர் நினைத்தார்.

ஆய்வுக்குப் பார்க்காத பாடம் வேண்டும். நாவலின் கடைசி அத்தியாயத்தை டீச்சர் அதற்கென்று ஒதுக்கினார். எல்லாப் பிரதிகளிலும் அந்தப் பக்கங்களுக்கு ரப்பர் பேண்டு போட்டார். யாரும் திறக்கவில்லை. திறந்தால் மற்றவர்கள் தோலை உரித்துவிடுவார்கள், அப்படி ஒரு வைராக்கியம் வகுப்புக்கே வந்திருந்தது.

ஆய்வாளர் வந்தார். கயிற்றில் தொங்கும் கண்ணாடி, கையில் அட்டை, மேஜையில் நேரம் அளக்க ஒரு கடிகாரம். வருகைப் பதிவு வரிசைப்படி ஆளுக்கு ஒரு பத்தி; வாசிக்கிறவர் கையில் மட்டும் ஒரே ஒரு புத்தகம் இருக்கும்; மற்ற எல்லாம் மேஜை மேல் மூடியிருக்க வேண்டும் என்றார். தலைமையாசிரியை பட்டியலோடு கதவோரம் உட்கார்ந்தார்.

முதல் பிள்ளை ரப்பர் பேண்டைக் கழற்றியது. ஆளுக்கு ஒரு பத்தியாகக் கதை கைமாறிக்கொண்டே போனது. கடைசி ஸ்டேஷன். நாயின் சொந்தக்காரர் யார் என்று தெரிந்துவிட்டது. அந்தச் சரக்கு ரயிலை ஓட்டுகிறவரேதான். ரயில் கிளம்பப் போகிறது. பதினாறாவது பிள்ளை வாசித்து முடித்தது: "மூட்டை ரயிலைப் பார்த்தது. பிறகு பிள்ளைகளைப் பார்த்தது." அதோடு அவன் பத்தி தீர்ந்தது. புத்தகம் பதினேழாவது கைக்கு வந்தது.

ரேடியோ எழுந்தாள். இந்தப் பத்தியை யாரும் அவளுக்கு வாசித்துக் காட்டியதில்லை. அறையில் யாருக்கும் அது தெரியாது. டீச்சருக்கும் தெரியாது. எடுத்துக்கொடுக்க ஒருவர் இல்லை. விரல் முதல் சொல்லின் கீழ் போய் நின்றது.

"ர... யில். ரயில் கூ... கூவி... யது." மூச்சு வாங்கினாள். "மூட்டை... ஓ... டி... யது."

எந்தப் பக்கம்? பேட்டரி போச்சு என்று சொன்ன பின் வரிசை இப்போது மேஜை மேல் ஏறாத குறையாக முன்னால் சாய்ந்திருந்தது.

"ரயி... லை... நோக்கி."

யாரோ 'ஐயோ' என்றார்கள். ஆய்வாளரின் கடிகாரம் பீப் என்றது. அவர் அதன் தலையில் ஒரு தட்டு தட்டி வாயை மூடினார். கண் ரேடியோவை விட்டு நகரவில்லை.

"தாவி... ஏ... றியது. அக்கா... கண்ணை... மூடிக்... கொண்டாள்." அதற்கு அடுத்த வரிக்கு விரல் இறங்கியது. உதடு சத்தமில்லாமல் அசைந்தது. ஒரு சொல், இன்னொரு சொல். அப்புறம் ரேடியோ சிரித்தாள்.

அறையில் ஒருவருக்கும் காரணம் தெரியாது. அவளுக்கு மட்டும் தெரிந்திருந்தது. எல்லோருக்கும் முன்னால், டீச்சருக்கும் முன்னால், அந்தக் கறுப்பு மை அவளிடம் மட்டும் எதையோ சொல்லியிருந்தது. மூடிக் கிடந்த பதினேழாம் எண்ணை டீச்சர் இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டார்.

"என்னம்மா, சொல்லேன்," என்றார் ஆய்வாளர், விதியெல்லாம் மறந்து.

"ஓட்டு... நரின்... தொப்பியைக்... கவ்விக்... கொண்டு... கீழே... குதித்தது. தொப்பி... இல்லாமல்... அவர்... எப்படி... ரயில்... ஓட்டுவார்? அவரும்... இறங்கி... வந்தார்."

வகுப்பு கூரை பறக்கச் சிரித்தது. டீச்சர் கண்ணுக்குள் மூட்டை நேராகப் போய், உடைந்த கைப்பிடியோடு நிற்கும் அந்தப் பச்சை பெஞ்சில் தொப்பியோடு ஏறி உட்கார்ந்தது. ஆய்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சரி. நாய் ஏன் தொப்பிய எடுத்துச்சு?"

ரேடியோ யோசித்தாள். முன்பு கேட்டதைத் திருப்பிச் சொல்ல வழியில்லை. விரலை மறுபடி பத்தியின் மேல் வைத்தாள். "அது ரயிலயும் பார்த்துச்சு, அவங்களயும் பார்த்துச்சு. ரெண்டும் வேணும் அதுக்கு. அதான் அவரையும் இறக்கிடுச்சு."

ஆய்வாளர் அட்டையில் ஏதோ எழுதினார். புத்தகம் பதினெட்டாவது கைக்குப் போனது. ரேடியோ உட்கார்ந்து, மிச்சக் கதையை மற்றவர்களோடு சேர்ந்து கேட்டாள்.

எல்லாம் முடிந்து ஆய்வாளர் போனபின் தலைமையாசிரியை தன் பட்டியலை டீச்சரிடம் நீட்டினார். கீழ் ரூமுக்குப் போகிறவர்கள் என்ற தலைப்புக்குக் கீழே ரேடியோவின் பெயர் இல்லை. டீச்சருக்கு அது போதவில்லை. ஆய்வாளரின் தாளையும் கேட்டு வாங்கினார். பதினேழாவது வரிசையில், அவசரக் கையெழுத்தில் இரண்டே சொல்: மெதுவாக வாசிக்கிறாள்.

டீச்சர் அதை எழுத்துக் கூட்டுகிற பிள்ளை மாதிரி விரல் வைத்து வாசித்தார். பிறகு முதல் சொல்லை விட்டுவிட்டு, இரண்டாவது சொல்லை மட்டும் இன்னொரு தடவை வாசித்தார்.